பட்டணத்தில் நாம் யார்?

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில், பல்கலைக்கழகத்திற் கற்கும் அங்கத்தவர் ஒருவர் மாம்புரியில் ஆற்றிய உரை)



இன்றைய கூட்டத்திற் பேசவேண்டும் என்று காரியதரிசி அவர்கள் கேட்டபொழுது நான் சிறிது தயங்கினேன். நான் மிஷன் பாடசாலையிற் படித்தவன். காலையில் அவர்களுடைய ஜெபத்துக்கு எழுந்து நின்று, மாலையில் நமது கோயிலிலே தேவாரம் பாடி வளர்ந்தவன். இப்படிப்பட்டவன் இந்து வாலிபர் சங்கத்தில் என்ன சொல்லப்போகிறான் என்று பெரியோர் சிலர் நினைக்கக்கூடும். அவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். சைவத்தையும் தமிழையும் காத்த ஆறுமுக நாவலர் அவர்களும் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவரே. அதன் பின்னரே 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப் பாடசாலையை நிறுவினார். நாவலர் பெருமானுடன் என்னை ஒப்பிடுகிறேன் என்று எவரும் கோபிக்க வேண்டாம். பாடசாலையை மாத்திரமே ஒப்பிடுகிறேன். பிறர் வீட்டிற் கற்றது நமது வீட்டுக்கும் உதவும் என்பதே நான் சொல்லவந்தது.

நான் எடுத்துக்கொண்ட பொருள், பட்டணத்து அன்றாட வாழ்விலே இனம், மொழி, நிறம் என்பவற்றை மக்கள் எவ்வாறு பார்க்கிறார்கள், அவற்றை நாம் எவ்வாறு பார்க்கிறோம் என்பதாகும். அரசியல் பேச நான் வரவில்லை. பஸ்ஸிலும், வாடகை அறையிலும், கந்தோரிலும் நடப்பதையே சொல்லப்போகிறேன். அவற்றோடு, எனக்கு வெட்கந்தந்த இரண்டு சம்பவங்களையும் மறைக்காமற் சொல்லப்போகிறேன். அவற்றைச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை.

நமது மாம்புரியை உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. மேற்கே கடல், கிழக்கே களப்பு, நடுவே மணல். 2010ஆம் ஆண்டிலிருந்து நமது கரையிலே காற்றாலைகள் சுழல்கின்றன. அயலிலுள்ள நுரைச்சோலையில் 900 மெகாவாற் அனல்மின் நிலையம் நிற்கிறது. கொழும்பிலே சுழலும் மின்விசிறிகள் பலவற்றுக்கு நமது கரையிலிருந்துதான் மின்சாரம் போகிறது. ஆனால் கொழும்பில் ‘மாம்புரி’ என்றால் விளங்குவோர் மிகச் சிலர். ‘கற்பிட்டிப் பக்கம்’ என்றால், “ஓ! டொல்பின் பார்க்கப் போகிற இடமா?” என்பார்கள். டொல்பின்களுக்கு இருக்கும் பெயர்கூட நமக்கில்லை.

பாலாவிச் சந்தியிலே கொழும்பு பஸ்ஸில் ஏறினால், பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் சிறிது நேரத்தில் ஒரு கேள்வி கேட்பார். “கம கோஹெத?” அதாவது, ஊர் எது? இது அன்பான கேள்வி. நமது ஊருக்கு ஒருவர் வந்தாலும் நாம் முதலில் இதைத்தானே கேட்கிறோம்! ஆனால் பட்டணம் நெருங்க நெருங்க இந்தக் கேள்விக்குள்ளே இன்னொரு கேள்வி புகுந்துகொள்கிறது. நீ சிங்களவனா, தமிழனா, முஸ்லிமா என்பதே அது. ‘புத்தளம்’ என்றால் முஸ்லிமோ என்று நினைப்பார்கள். பெயரைக் கேட்பார்கள். பெயரைச் சொன்னதும் முகத்திலே ஒரு சிறு மாற்றம் தெரியும். சிலரிடத்தில் அது அன்பாக மாறும். சிலரிடத்தில் எச்சரிக்கையாக மாறும். எப்படி மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. அந்த ஒரு கணந்தான் பட்டண வாழ்வில் நமக்குப் பெரிய பரீட்சை.

நான் வாடகைக்கு அறை தேடிய கதையைக் கேளுங்கள். ஒரு வீட்டுக்காரர் ரெலிபோனில் எனது சிங்களத்தைக் கேட்டு மகிழ்ந்து, உடனே வரச்சொன்னார். வாசலிலே எனது பெயரைக் கேட்டபின், அறையை முதல்நாளே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாக அவருக்கு நினைவு வந்தது. சரி, நமது சனங்கள் நிறைந்த வெள்ளவத்தைக்குப் போவோம் என்று போனேன். அங்கே ஒரு தமிழ் வீட்டுக்காரர் எனது பேச்சை இரண்டு நிமிஷம் கேட்டார். “தம்பி, நீர் தமிழோ? உம்முடைய தமிழ் முஸ்லிம் ஆட்கள் பேசுற மாதிரிக் கிடக்கு” என்றார். பிறகு, “எந்தப் பகுதி? தகப்பனாருக்கு என்ன தொழில்? சொந்தக்காரர் ஆர்?” என்று விசாரித்தார். அவர் எதை அறிய விரும்பினார் என்பது இங்குள்ள பெரியோருக்கு விளங்கும். அந்த அறையும் எனக்குக் கிடைக்கவில்லை. ஒருவருக்கு நான் மிகையாகத் தமிழன். மற்றவருக்கு நான் போதிய அளவு தமிழனல்லன். கடைசியில் எனக்கு இடந்தந்தவர் ஒரு சிங்கள மாது. அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, “இரவிலே மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தூங்குவாயா?” என்பதுதான்.

எனவே பட்டணத்தை நான் முழுவதும் குறைகூற மாட்டேன். 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாநகரிலே சிங்களவர் நூற்றுக்கு ஏறக்குறைய 41 பேர். எஞ்சியோர் தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் பறங்கியரும். அங்கே எந்த ஓர் இனமும் பாதிக்கு மேல் இருக்கவில்லை. அப்படிப்பட்ட நகரிலே மனிதர் ஒருவரோடொருவர் உரசாமல் வாழ்தல் இயலாது. புறக்கோட்டை வியாபாரி ஒருவர் ஒரே மூச்சில் மூன்று பாஷைகளில் விலைபேசுவதைக் கேட்டிருக்கிறேன். விலையைக் குறைப்பதில் மாத்திரம் மூன்று பாஷையிலும் அவர் ஒரே உறுதியாக நிற்பார்!

இனி எனது முதலாவது வெட்கத்தைச் சொல்கிறேன். நான் கொழும்புக்குப் போன முதல் வருடம், ஒருநாள் மாலை, நெருக்கமான பஸ்ஸிலே நின்றுகொண்டிருந்தேன். சட்டைப் பையில் ரெலிபோன் அடித்தது. ஊரிலிருந்து ஆச்சி. என்னைச் சுற்றி நின்றவர் எல்லாரும் சிங்களத்திற் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆயினும் எனக்குத் தமிழிற் பேச வாய் வரவில்லை. குரலைத் தாழ்த்தி, “பஸ் எகே இன்னவா, பஸ்ஸே கன்னம்” என்று சொல்லி வைத்துவிட்டேன். பஸ்ஸில் நிற்கிறேன், பிறகு எடுக்கிறேன் என்பது பொருள். ஆச்சிக்குச் சிங்களம் தெரியாது. காதும் சற்று மந்தம். அடுத்த கிழமை நான் வீட்டுக்கு வந்தபொழுது ஆச்சி சொன்னார்: “அன்றைக்கு உனக்கு எடுத்தேன் மகன், நம்பர் பிழைச்சுப்போச்சு. யாரோ ஒரு சிங்களப் பொடியன் எடுத்தான். நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசினான்.”

அந்தச் சிங்களப் பொடியன் நான்தான் என்று ஆச்சிக்கு இன்றுவரை நான் சொல்லவில்லை. இன்று இந்தக் கூட்டத்தில் முன்வரிசையிலிருந்து அவரே கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆச்சி, மன்னிக்கவேண்டும்.

நான் ஏன் அப்படிச் செய்தேன்? என்னை ஒருவரும் பயமுறுத்தவில்லையே! அந்தப் பயம் எனக்கு முந்திய தலைமுறையிலிருந்து வந்தது. மிஷன் பாடசாலையிலே, நியாயாதிபதிகள் ஆகமத்திலுள்ள ஒரு கதையை எங்களுக்குச் சொன்னார்கள். யோர்தான் நதியின் துறைகளிலே கீலேயாத்தியர் காவல் நின்று, கடக்க வருகிற ஒவ்வொருவனையும் ‘ஷிபோலேத்’ என்று சொல்லச் சொல்வார்களாம். எப்பிராயீம் நாட்டவர்க்கு அந்த முதலெழுத்து நாவில் வராது, ‘சிபோலேத்’ என்பார்களாம். அப்படிச் சொன்னவன் அங்கேயே வெட்டுண்டான். சிறுவயதில் இதனைப் பழங்காலத்துக் கதை என்றே கேட்டேன். பின்னரே அறிந்தேன்: 1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே கொழும்பு வீதிகளில் வாகனங்களை மறித்தவர்கள், வாளிக்குச் சிங்களத்தில் வழங்கும் ‘பால்திய’ என்ற சொல்லைச் சொல்லும்படி கேட்டு, உச்சரிப்பைக்கொண்டு தமிழரைப் பிரித்தார்கள் என்று அக்காலத்தில் வாழ்ந்தவர் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வாளியின் பெயர் உயிரின் விலையாயிற்று. அதே ஜூலையிலே தமது வீட்டு அறைகளிலே தமிழரை ஒளித்துக் காப்பாற்றிய சிங்களக் குடும்பங்கள் பல இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் பாதி உண்மை சொன்னவனாவேன். நான் பிறக்குமுன் நடந்தவை இவை. ஆயினும் அந்த வாளி இன்னும் எங்கள் தொண்டையில் நிற்கிறது.

பயத்தினால் ஒருநாள் மறைப்பது பெரிய குற்றமன்று. ஆனால் மறைத்தலே பழக்கமானால் என்ன ஆகும்? அதற்கு வேறெங்கும் போய்ச் சாட்சி தேடவேண்டாம். நமது பஸ் போகும் வழியே சாட்சி. சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு வரையுள்ள கரையோரத்துக் கத்தோலிக்க மீனவக் குடும்பங்களிற் பல, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தமிழ் பேசியவை. காலப்போக்கில் அவர்களுடைய பாடசாலைகளிலே போதனாமொழி சிங்களமாயிற்று. கோயில் ஜெபமும் சிங்களமாயிற்று. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பின் உத்தியோகத்துக்கும் அதுவே வேண்டியதாயிற்று. ஒருவரும் ஊரைவிட்டுப் போகவில்லை. ஒருவருடைய இரத்தமும் மாறவில்லை. அதே கடற்கரை, அதே வலை, அதே அந்தோனியார். ஆனால் பாட்டன் தமிழன், பேரன் சிங்களவன். இன்றும் நீர்கொழும்பு மீனவர் சிலர் வீட்டிலே ஒருவகைத் தமிழ் பேசுகிறார்கள். நாம் ‘நான் வந்தேன், அவன் வந்தான்’ என்று வினையை ஆளுக்கேற்ப மாற்றுவோம். அவர்களுடைய தமிழிலே, சிங்களப் பேச்சைப் போல, எல்லாருக்கும் ஒரே வடிவந்தான் என்று மொழியறிஞர் எழுதியிருக்கிறார்கள்.

அம்மக்களை நான் இழித்துப் பேசவில்லை. சிங்களம் பேசுவதனால் அவர்கள் மனிதத்தன்மையிற் குறைந்துவிடவில்லை. நான் சொல்லவருவது வேறு. ‘தமிழ் எங்கள் இரத்தத்தில் ஓடுகிறது’ என்று மேடைகளிலே முழங்குகிறோமே, அது உண்மையன்று. இரத்தத்தில் ஓடுவதாயின் அது போயிருக்க மாட்டாது. மொழி நாவில் இருக்கிறது. பிள்ளையைத் தாலாட்டும் தாயிடத்தில் இருக்கிறது. வழிபாட்டிலும் பாடசாலையிலும் இருக்கிறது. அங்கே புழங்காவிட்டால் இரண்டு தலைமுறைக்குள் போய்விடும். அதே கரையில், முந்தலுக்கு அப்பால் உள்ள உடப்பைப் பாருங்கள். சுற்றிலும் மாறியபோதும் உடப்பு மாறவில்லை. திரௌபதை அம்மன் கோயிலில் ஆடி மாதத்துப் பதினெட்டு நாள் விழாவும் தீமிதிப்பும், கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டும் அவ்வூரைத் தமிழூராகவே வைத்திருக்கின்றன. அவர்கள் எவரையும் பகைத்து மொழியைக் காக்கவில்லை, வழங்கியே காத்தார்கள்.

மொழியும் இரத்தமும் வேறு என்பதை அறிஞர் நெடுங்காலத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். ‘ஆரியர்’ என்ற சொல்லை ஐரோப்பாவிற் பரப்பியவர்களுள் ஒருவராகிய மாக்ஸ் முல்லர் அவர்களே, 1888ஆம் ஆண்டில், தாம் ஆரியர் என்று சொல்வது ஒரு மொழியைப் பேசுவோரையேயன்றி, ஓர் எலும்பையோ இரத்தத்தையோ தலைமயிரையோ அன்று என்று எச்சரித்தார். 1972ஆம் ஆண்டில் லெவொன்ரின் என்னும் அமெரிக்க உயிரியல் அறிஞர் மனித இரத்த வகைகளையும் புரதங்களையும் ஆராய்ந்து, மனிதருக்கிடையே உள்ள பரம்பரை வேறுபாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 85 பங்கு ஒரே சமூகத்தவருக்கு உள்ளேயே காணப்படுகிறது என்று காட்டினார். எளிமையாகச் சொன்னால், மாம்புரித் தமிழர் இருவருக்கிடையே உள்ள வேறுபாட்டோடு ஒப்பிடும்போது, தமிழருக்கும் சிங்களவருக்கும் பொதுவாக உள்ள வேறுபாடு மிகச் சிறிது.

அப்படியானால் நாம் மற்றவர்களை எவ்வாறு பார்க்கிறோம்? இதுவரை பட்டணத்தார் நமக்குச் செய்ததைச் சொன்னேன், கேட்க இனிமையாயிருந்தது. இனிச் சொல்லப்போவது அவ்வளவு இனிமையாயிராது.

புத்தளத்துக்கு அண்மையிலே சிறாம்பியடி என்னும் சிற்றூர் உண்டு. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மக்களின் சந்ததியார் அங்கே வாழ்கிறார்கள். அவர்களுடைய முன்னோரிற் பலர் ஆங்கிலேயரின் படைப்பிரிவுகளிலே சேவை செய்தவர்கள். அவர்கள் வீட்டிற் பேசிய போர்த்துக்கேயக் கலப்பு மொழி மறைந்து, இப்பொழுது சிங்களம் பேசுகிறார்கள். எஞ்சியிருப்பது ‘மாஞ்சா’ என்னும் பாட்டும் ஆட்டமும். சொற்களின் பொருள் முழுவதும் விளங்காமலே அதனை இளையோரும் பாடுகிறார்கள். மொழியை இழந்த மக்கள் பாட்டையாவது விடாமற் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நாமோ அவர்களுடைய பெயரையே வசைச்சொல்லாக்கி, நமது வீட்டிலே சற்றுக் கறுப்பாகப் பிறந்த பிள்ளையைக் ‘காப்பிரி’ என்று திட்டுகிறோம். கலியாண விளம்பரத்திலே ‘நல்ல நிறம்’ என்று போடுகிறோம். கண்ணனையும் காளியையும் கருநிறத்திற் கும்பிட்டுவிட்டு, மருமகளை மாத்திரம் வெள்ளை நிறத்திலே தேடுகிறோம். (சிரிப்பு)

நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தவன்தான். இனி எனது இரண்டாவது வெட்கத்தைச் சொல்கிறேன்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தாருக்கு இரண்டு மணித்தியாலம் மாத்திரமே கொடுக்கப்பட்டது. எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடு வாசல்களை விட்டுப் புறப்பட்டார்கள். அவர்களிற் பெரும்பாலோர் வந்துசேர்ந்த இடம் நமது புத்தளமும் கற்பிட்டியுமே. அவர்களும் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களைத் துரத்தியவர்களும் தமிழ் பேசினவர்கள். முப்பது வருடங்களுக்கு மேலாகியும், இங்கேயே பிறந்த பிள்ளைகளையும் ‘அகதி’ என்று அழைக்கும் வழக்கம் நமது ஊர்களில் ஒழியவில்லை.

அப்படி ‘அகதிப் பொடியன்’ என்று அழைக்கப்பட்ட ஒருவன் ஆறாம் வகுப்பிலிருந்து எனது தோழன். அவன் வீடும் எங்கள் வீடும் ஒரே றோட்டில். 2019ஆம் ஆண்டு ஏப்ரில் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டித் தேவாலயத்தின் பெயரை எங்கள் பாடசாலையில் ஒவ்வொரு நாளும் ஜெபத்திற் சொன்னார்கள். மே 12ஆந் திகதி சிலாபத்திலே, ஒருவர் முகநூலில் எழுதிய ஆங்கில வரி ஒன்றைப் பயமுறுத்தல் என்று எடுத்துக்கொண்டு கலகம் மூண்டது. மறுநாள் அது நமது மாவட்டத்திலும் குருநாகல், கம்பஹா மாவட்டங்களிலும் பரவி, பள்ளிவாசல்களும் கடைகளும் உடைக்கப்பட்டன. அந்த மாதக் கடைசியில் ஒருநாள், புத்தளத்தில் ரியூசன் முடிந்து நான் பஸ்ஸில் இருந்தேன். எனக்குப் பக்கத்து ஆசனம் வெறுமையாக இருந்தது. அவன் தோளிலே பையுடன் ஏறினான். நோன்பு காலம், முகம் வாடியிருந்தது. என்னைக் கண்டு சிரித்துக்கொண்டு வந்தான். பஸ்ஸிலே எல்லாரும் அவனுடைய பையைப் பார்த்தார்கள். நான் எனது புத்தகங்களை எடுத்து அந்த வெற்று ஆசனத்தில் வைத்தேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறங்கும் இடம்வரை நின்றே வந்தான். அன்று மாலையும், ஒவ்வொரு வருடத்தையும் போல, அவன் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு நோன்புக்கஞ்சி வந்தது. ஆச்சி குடித்துவிட்டு, “இன்றைக்கு உப்புக் கொஞ்சம் குறைவு” என்றார். எனக்கு ஒரு மிடறும் இறங்கவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நாலு வருடம் சென்றது. “எனக்கு அது நினைவேயில்லை” என்றான். நினைவிருந்தது என்பதை அவன் முகம் காட்டிற்று.

சகோதரர்களே! இந்த இரண்டு சம்பவங்களையும் நான் பலமுறை ஒன்றாக வைத்து யோசித்தேன். ஒரு பஸ்ஸிலே, என்னைத் தமிழன் என்று பிறர் அறியாதிருக்கும்படி எனது ஆச்சியை மறைத்தேன். மற்றொரு பஸ்ஸிலே, என்னை முஸ்லிமுக்கு நண்பன் என்று பிறர் நினையாதிருக்கும்படி எனது தோழனைத் தள்ளினேன். இரண்டு இடத்திலும் நான் பார்த்தது அயலார் முகத்தையே. தன்னை மறைப்பவனும் பிறனைத் தள்ளுபவனும் வேறு வேறு மனிதர் என்று நினைத்திருந்தேன். ஒரே பயந்தான் இரண்டு வேலையையும் செய்கிறது.

இதற்கு மருந்து நமது சமயத்தவர் ஒருவரின் வாழ்விலே இருக்கிறது. 1893ஆம் ஆண்டு சிக்காகோவிலே பேசிப் புகழ்பெற்ற சுவாமி விவேகாநந்தரை, அமெரிக்காவின் தென்பகுதியிலே கறுப்பினத்தவர் என்று கருதிச் சில ஹோட்டல்களிலிருந்து திருப்பியனுப்பினார்கள். ‘நான் இந்தியன், நீக்ரோ அல்லேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்கும். அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பின்னர் கேட்டவருக்கு, இன்னொருவரைத் தாழ்த்தி அதன்மேல் நான் உயர்வதா என்னும் கருத்துப்பட விடையளித்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அதே 1893இல் தென்னாபிரிக்காவிலே காந்தியடிகளை இரயிலிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவரோ ஆரம்ப வருடங்களிலே, இந்தியரைக் ‘காப்பிரி’களோடு ஒன்றாக வைக்கக்கூடாது என்ற நோக்கத்தோடேயே எழுதினார், பின்னரே அந்த நோக்கத்தைக் கடந்தார். மகாத்மாவுக்கே வளரவேண்டியிருந்தது என்றால் நாம் வளர வெட்கப்படவேண்டியதில்லை.

அந்தச் சுவாமிகளே 1897ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் திகதி மேனாட்டிலிருந்து திரும்பிக் கொழும்பிலே வந்திறங்கியபொழுது, நம்மவர் திரண்டு வரவேற்றார்கள். அவரை வரவேற்றோம், அவர் சொன்ன அந்த விடையை வரவேற்றோமா?

நமது கரையிலும் இதற்கு உதாரணமில்லாமல் இல்லை. 1807ஆம் ஆண்டு கற்பிட்டியிலே பிறந்த சைமன் காசிச்செட்டி அவர்கள் கத்தோலிக்கர். அவரே 1859இல், தமிழ்ப் புலவர் ஏறக்குறைய 200 பேரின் வரலாறுகளைத் திரட்டி ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். சைவப் புலவரும் வைணவப் புலவரும் சமணப் புலவரும் அதில் இருக்கிறார்கள். அவர் தமது சமயத்தையும் விடவில்லை. பிறருடைய புலவரையும் விடவில்லை. இன்னும் முற்காலத்தில், 1344ஆம் ஆண்டில், மொரோக்கோ நாட்டு யாத்திரிகராகிய இபின் பத்தூத்தா நமது புத்தளக் கரையிலே இறங்கி, ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அம்மன்னனுக்குப் பாரசீக மொழி விளங்கியது என்று எழுதியிருக்கிறார். பிற மொழியைக் கற்றதனால் அம்மன்னனின் தமிழ் குறைந்துபோயிற்றா?

நமது மணலிலே சிறிது தோண்டினால் நன்னீர் கிடைக்கிறது. அதன் கீழே உப்புநீர் இருக்கிறது என்பது தோட்டஞ் செய்யும் ஒவ்வொருவருக்கும் தெரியும். அளவாக இறைத்தால் வெங்காயமும் மிளகாயும் விளையும். இயந்திரத்தை வைத்து இராப்பகலாய் இறைத்தால் உப்பு ஏறிவிடும். இனப்பற்றும் அப்படிப்பட்டதே. இறைக்காமல் விட்டால் பயிர் வாடும். அளவுமீறி இறைத்தால் பகை ஏறும்.

ஆகவே நமது சங்கத்து வாலிபர் முன் மூன்று காரியங்களை வைக்கிறேன்.

முதலாவது, நமது மொழியைக் கூச்சமின்றி வழங்குவோம். 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988இன் 16ஆவது திருத்தம், வடக்குக் கிழக்குக்கு வெளியே உள்ளவர்களுக்கும் தமிழிலே அரசாங்கத்துக்கு எழுதித் தமிழிலே பதில் பெறும் உரிமையை உறுதிசெய்தது. ஆனால் கந்தோருக்குப் போனதும் நாமே சிங்களப் படிவத்தைக் கேட்டு வாங்கி, நிரப்புவதற்கு ஆள் தேடுகிறோம். கேளாத உரிமை கடதாசியிலேதான் கிடக்கும். பிரதேச செயலகத்துக்குத் தமிழிற் கடிதம் எழுதத் தெரியாத முதியோருக்கு, வாரத்தில் ஒருநாள் சங்க அறையிலிருந்து நாம் எழுதிக்கொடுக்கலாம்.

இரண்டாவது, சிங்களத்தை நன்றாகக் கற்போம். பயத்தினால் ஒளிந்துகொள்வதற்காக அன்று. அயலவரோடு நேருக்கு நேர் பேசுவதற்காக. முன்னேஸ்வரத் திருவிழாவிலே எத்தனை சிங்கள மக்கள் நம்மோடு நின்று கும்பிடுகிறார்கள்! அவர்களுக்கு அந்தக் கோயிலின் கதையை அவர்களுடைய பாஷையிலே சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்?

மூன்றாவது, சில சொற்களை நமது வாயிலிருந்து ஒழிப்போம். காப்பிரி, அகதி, தோட்டக்காட்டான் ஆகிய சொற்களும், சாதியைச் சுட்டி நாம் தணிந்த குரலிற் சொல்லும் சொற்களும் அவை. வெள்ளவத்தை வீட்டுக்காரர் எனது தகப்பனாரின் தொழிலைக் கேட்டபொழுது எனக்குக் கோபம் வந்தது. அதே கேள்வியை நமது கோயில் நிருவாகத் தெரிவின்போது நாம் கேட்பதில்லையா? பெரியோர் கோபிக்கக்கூடாது. பட்டணத்திலே எனக்கு மறுக்கப்பட்ட கதவைக் குறித்து இங்கே முறையிட வருகிறவன், இங்கே சாத்தப்பட்டிருக்கும் கதவையும் தட்டத்தான் வேண்டும்.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். இப்பொழுது பஸ்ஸிலே ரெலிபோன் அடித்தால், “சொல்லுங்க ஆச்சி” என்றே எடுக்கிறேன். முதல் தடவை அப்படி எடுத்தபொழுது நெஞ்சு படபடத்தது. பேசி முடித்ததும், பக்கத்திலிருந்த வயதான சிங்களப் பெண்மணி என் பக்கம் திரும்பினார். என்ன சொல்லப்போகிறாரோ என்று பார்த்தேன். “ஆச்சித?” என்று கேட்டார். ஆச்சியா என்று பொருள். பாட்டியைக் குறிக்கும் அச்சொல் அவர்களுக்கும் ஆச்சிதான், நமக்கும் ஆச்சிதான். இத்தனை காலமும் இதனை நான் கவனித்ததில்லை. “ஓம், ஆச்சிதான்” என்றேன். பிறகு அவர் நீர்கொழும்பில் இறங்கும்வரை, தமது ஆச்சி காலையிலே அவித்துத் தந்த பிட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

எனது சொற்களிற் குற்றமிருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.